குங்குமம் வைத்த இரண்டு பெட்டிகள்

1

இந்த வாரம் ஆயுத பூஜை. செல்வி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். அடுப்புக்கு வைத்தாள். காருக்கு வைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஸ்டெதாஸ்கோப்புக்கு வைத்தாள். படுக்கையறை அலமாரிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். உள்ளே இரண்டு இரும்புப் பெட்டிகள்.

"இதுக்கு வைக்கவா, வேண்டாமா?"

"ஒன்னுக்கு வை. இன்னொன்னுக்கு வைக்காத."

"எனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரித்தாள்.

ஊரிலிருந்து சித்தப்பா மகன் முருகேசன் போன வாரம் போன் செய்திருந்தான். அவன் மகளுக்கு அமெரிக்க மாப்பிள்ளை. "அண்ணே, பிள்ளை நகையோட வருது. வெளியூர் போனா வந்தா கூடவே கொண்டுபோக என்ன மாதிரிப் பெட்டி வாங்கணும்?" என்று கேட்டான். போனில் பேசினால் காசு ஓடும். எழுதுகிறேன் என்றேன். பெட்டியைப் பற்றி மட்டும்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதும் கூட வருகிறது. வரட்டும்.

2

எங்கள் ஊர் பெயர் டெம்பிள். டெக்சாஸில், டல்லாஸுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவில். பெயர்தான் கோயில். ஊரில் நம் கோயில் ஒன்றும் கிடையாது. அம்மா இருந்தவரை சாத்தூரில் எல்லோரிடமும், "என் மகன் கோயிலூர்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.

செல்வி நர்ஸ். அவளுடைய விசாவில்தான் நான் வந்தேன். நான் பத்தாவது தாண்டவில்லை. ஊரில் தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். இங்கே பெட்ரோல் பங்க் கடையில் நிற்கிறேன். இங்கே அதை கேஸ் ஸ்டேஷன் என்கிறார்கள். முதலில் கேட்டபோது சிலிண்டர் கொடுக்கிற வேலை என்று நினைத்தேன். சிலிண்டர் தூக்கத் தெரியும் என்று முதலாளியிடம் சொல்லவும் செய்தேன். அவர் குஜராத்திக்காரர். வேலைக்கு ஆள் பலசாலி என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தங்கை வள்ளியின் மகள் காவ்யாதான் எங்களுக்குப் பிள்ளை. வள்ளி படித்தவள். அவள் கணவர் சேகர் சாப்ட்வேர். ஃபிரிஸ்கோவில் புது வீடு வாங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். அவர்கள் தெருவில் வீடுகள் முடிகிற இடத்தில் மாடு மேய்கிறது.

கடையின் வசூலை நான்தான் பேங்குக்குக் கொண்டுபோவேன். வழியெல்லாம் வேலியும் மாட்டுப் பண்ணையும்தான். பக்கத்து ஊர்க் கடையில் ஒருவனை அடித்துப்போட்டுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு முதலாளி என்னை ஒரு ரிவால்வர் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

ஊரில் நான் பார்த்த துப்பாக்கி ஒன்றுதான். பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில் இருப்பது. அவர் தூங்குவார். அதுவும் தூங்கும்.

இங்கே அதற்கு வகுப்பு உண்டு. சுட்டுக் காட்ட வேண்டும். தாளிலும் எழுத வேண்டும். இரண்டிலும் தேறினேன். நான் தேறிய பரீட்சை அது ஒன்றுதான். லைசென்ஸ் பாரத்தில் கடைசிப் பெயர் என்று கேட்டிருந்தார்கள். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். அதனால் வகுப்பில் எல்லோரும் என்னை மிஸ்டர் சங்கரலிங்கம் என்று கூப்பிட்டார்கள். அப்பா, கோழி அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். அவர் பேரில் துப்பாக்கி லைசென்ஸ்.

வீட்டில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செல்வி "அது" என்பாள். பாம்பைச் சொல்வது போல.

3

சாத்தூரில் அம்மா நகையை அரிசிப் பானைக்குள் வைப்பாள். ஒரு துணியில் முடிந்து கை முழங்கை வரை போகும் ஆழத்தில் புதைப்பாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். திருடனுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அங்கேதான் வைப்போம்.

செல்வியும் இங்கே அப்படியே செய்தாள். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா. மேலே அரிசி, அடியில் நகை. அமெரிக்கத் திருடனுக்கு இது தெரியாது என்று இருவருக்கும் நம்பிக்கை. ரிவால்வர் வீட்டுக்கு வந்ததும் அதுவும் அங்கேயே போயிற்று. கடைக்குப் போகும்போது எடுப்பேன். வந்ததும் துணியில் சுற்றிப் புதைப்பேன். குண்டுகள் துவரம்பருப்பு டப்பாவில்.

ஒரு பொங்கலுக்கு வள்ளி குடும்பத்தோடு வந்தாள். காவ்யாவுக்கு இன்னும் மூன்று ஆகவில்லை. அரிசி என்றால் அவளுக்கு மணல். டம்ளரால் அள்ளி அள்ளிக் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் பொங்கலுக்குக் கரும்பு கட்டிக்கொண்டிருந்தேன். கரும்பு என்றால் ஹூஸ்டனிலிருந்து வந்த இரண்டு துண்டு.

"மாமா, லுக்!" என்று சத்தம் கேட்டது.

உள்ளே போனேன். இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணி அவிழ்ந்து கிடந்தது. அதன் வாயிலிருந்து அரிசி உதிர்ந்தது.

யாரும் கத்தவில்லை. செல்வி நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினாள். "தங்கம், அத்தை கைல குடு. சமத்து." காவ்யா கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு மறுபடி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

சேகர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கிளம்பும்போது கார் பக்கத்தில் வைத்துச் சொன்னார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டுக்குக் காவ்யா இனி வரமாட்டா."

"குண்டு உள்ள இல்ல, மாப்பிள்ளை."

"பருப்பு டப்பாவுல இருக்குன்னு அக்கா சொன்னாங்க. நாளைக்கு அதையும் திறப்பா."

அவர் சொன்னது சரி. சரி என்றேன்.

அரிசியைக் கொட்ட மனம் வரவில்லை. கழுவிச் சாப்பிட்டோம். சோற்றில் மெஷின் எண்ணெய் வாடை வருகிறது என்று செல்வி சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். எனக்கும் வந்தது. நான் சொல்லவில்லை.

4

முருகேசா, இனி பெட்டி.

முதலில் நான் விளையாட்டுச் சாமான், வேட்டைச் சாமான் விற்கிற பெரிய கடைக்குப் போனேன். "லாக்கர்" வேண்டும் என்றேன். நம்மூரில் பேங்க் லாக்கர் என்கிறோமே, அந்த நினைப்பு. தொப்பி போட்ட பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஆள் உயர பீரோ ஒன்றைக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஷூ வைப்பது. சின்னது வேண்டும் என்று கையால் அளவு காட்டினேன். சாப்பாட்டு டப்பா காட்டினார். கடைசியில், துப்பாக்கிக்கு என்று புரியவைக்க, கோட்டை விலக்கி இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் இரண்டு அடி பின்னால் போய்விட்டு, "ஓ, லாக் பாக்ஸ்!" என்றார். அந்தச் சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடு. இடுப்பைத் தொட வேண்டாம்.

தகரப் பெட்டி வாங்காதே. ஆபீஸ் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். செல்வி கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியை மூடிக்குள் விட்டு நெம்பினாள். பல் பிடுங்குவது போல வந்துவிட்டது. "இதுக்கு அரிசியே தேவலாம்" என்றாள்.

நம்பர் திருகுகிற பூட்டும் பார்த்தேன். நம்பரை மறந்தால் கஷ்டம். மறக்காமல் இருக்க எல்லோரும் பிறந்த நாளை வைப்பார்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அது தெரியும். பட்டன் அழுத்தித் திறக்கிற பெட்டி ஒன்று இருந்தது. கெட்டிதான். ஆனால் காவ்யா எங்கே பட்டன் இருந்தாலும் அழுத்துவாள். லிஃப்டில் போனால் எல்லா மாடியிலும் நிற்போம். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கடைசியில் சாவிப் பூட்டுப் பெட்டி. தடித்த இரும்பு. கீல் உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் ஆணியைத் தட்டி எடுத்துவிடுவான். உள்ளே பஞ்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் குலுங்கும்போது நகை கிலுகிலு என்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். முக்கியம், இரும்புக் கயிறு. ஒரு முனை பெட்டியில், இன்னொரு முனையைக் கார் சீட்டின் காலில் சுற்றி மாட்டலாம். பெட்டி சின்னது என்றால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவான். கயிறு இருந்தால் காரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

சேகரிடம் போனில் சொன்னேன். அவர் ஒரு விஷயம் சொன்னார்.

"ரெண்டையும் ஒரே பெட்டியில போடாதீங்க, மச்சான். அக்கா நகை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதுவும் வெளிய வரும்."

படித்தவர்கள் சில நேரம் சரியாகச் சொல்வார்கள். அதே மாதிரி இரண்டு பெட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே சாவி இரண்டுக்கும் போகிறது. கடைக்காரரிடம் கேட்டேன். அந்தப் பெட்டிகள் அப்படித்தான், சவுகரியம்தானே என்றார். எனக்கும் சவுகரியமாகத்தான் தோன்றியது. ஒரு சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். மாற்றுச் சாவிகளைச் செல்வி பத்திரமாக நகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அவள் அதைச் சொன்னபோது நானும் நல்லதுதான் என்றேன்.

எது எந்தப் பெட்டி என்று தெரிய, நகைப் பெட்டி மூடியில் குங்குமம் வைத்தாள். லட்சுமி இருக்கிற இடம்.

"பெட்டி வாங்கியாச்சு, மாப்பிள்ளை" என்று சொன்னேன்.

"நல்லது, மச்சான். பார்க்கலாம்" என்றார்.

நம் ஆட்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நாங்கள் ஃபிரிஸ்கோ போவோம், காவ்யாவைப் பார்ப்போம், வருவோம். அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவளுக்கென்று செல்வி வாங்கி வைத்த சின்ன நாற்காலியில் கொஞ்ச நாள் துணி மடித்து வைத்தோம்.

5

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஊரில் அரிவாள்மனைக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைப்போம். தீப்பெட்டி ஆபீசில் மெஷினுக்கு மாலை போட்டுப் பொரி கொடுப்பார்கள். ஆயுதம் என்று பெயர்தானே தவிர, நிஜ ஆயுதம் நம் வீட்டில் எங்கே இருந்தது?

இங்கே இருந்தது. செல்வி சொன்னாள்: "எல்லாத்துக்கும் வச்சிட்டு அதுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கு?" நானே காரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் திறக்க அவளுக்கு மனமில்லை. மூடியின் மேலேயே சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்தாள். மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு.

இரண்டு பேரும் கும்பிட்டோம். இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

அடுத்த மாதம் காவ்யாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று வள்ளி பிடிவாதமாக இருந்தாள். சேகர் அதற்குத் தடை சொல்லவில்லை. குலசாமி கோயிலுக்கும் ஆசாரிக்கும் இங்கே எங்கே போவது? ஷாப்பிங் மாலில் தோடு, வளையல் விற்கிற கடையில் குத்துவார்களாம்.

"மால்ல கன் வச்சுத்தான் குத்துவாங்க, அண்ணே" என்றாள் வள்ளி போனில்.

"கன்னா?"

"அது பேரு அப்படி. ஸ்டேப்ளர் மாதிரி இருக்கும். நீ பயப்படாத."

தோடு தாய்மாமன் சீர். சாத்தூர் ஆசாரியிடம் சொல்லிச் சின்னதாகச் சிவப்புக்கல் தோடு செய்து, வருகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி வாங்கியிருந்தேன். நகைப் பெட்டியில் இருந்தது.

சனிக்கிழமை. ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது. உச்சிக்குள் குத்திவிட வேண்டும். விடிந்ததும் கிளம்பினோம். செல்வி பட்டுச்சேலை. நான் வெள்ளைச் சட்டை. அலமாரியைத் திறந்து பொட்டு வைத்த பெட்டியை எடுத்துக் காரில் மாட்டினேன். அன்று கடைக்கு லீவு. அதனால் இரண்டு பெட்டியும் அலமாரியில்தான் இருந்தன.

6

வழியில் ஹில்ஸ்பரோ என்று ஒரு ஊர். அங்கே ரோடு இரண்டாகப் பிரியும். பிளாஸ்கில் காபி கொண்டுபோயிருந்தோம். ஒரு கடையின் ஓரமாகக் காரை நிறுத்திக் குடித்தோம். ரோட்டில் போகும்போது நகை போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பது செல்வியின் கொள்கை. இங்கே வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று சாவி கேட்டாள். அவிழ்த்துக் கொடுத்தேன்.

பின்சீட்டில் உட்கார்ந்து திறந்தாள். உடனே மூடினாள்.

"என்னங்க."

"என்ன?"

"அது வந்திருக்கு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. புரிந்துவிட்டது. காபியைக் குடித்து முடித்தேன்.

திரும்பிப் போய் எடுத்து வந்தால் நேரம் தாண்டிவிடும். முன்னால் போனால் தோடு இல்லை, அது இருக்கிறது. காது குத்துக்குத் துப்பாக்கியோடு போன தாய்மாமன் என்று நம் சாதிசனத்தில் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. செல்வி சொன்னாள்: "டிக்கியில போட்டுப் பூட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? தோட்டை மறந்துட்டோம்னு சொல்லிக்கலாம்."

சொல்லிக்கொள்ளலாம்தான். குண்டும் இல்லை. பூட்டும் கயிறும் இருக்கின்றன. சட்டப்படியும் தப்பில்லை.

ஆனால் காவ்யா சேகரின் பிள்ளை. தெரியாமல் வைத்ததால்தான் பத்து மாதமாக அவள் வரவில்லை. இன்றைக்கும் தெரியாமல் கொண்டுபோனால், தெரிகிற அன்றைக்கு அவள் எப்போதைக்கும் வரமாட்டாள்.

கடை வாசலில் இருந்த பப்ளிக் போனில் காசு போட்டேன். சேகர்தான் எடுத்தார்.

"மாப்பிள்ளை, பெட்டி மாறிப்போச்சு. தோடு வீட்ல இருக்கு. அது கார்ல இருக்கு."

போன் இன்னும் காசு கேட்டது. போட்டேன்.

"எப்படி மாறிச்சு?"

"ரெண்டுக்கும் பொட்டு வச்சிட்டா."

"எதுக்கு?"

"ஆயுத பூஜைக்கு."

அந்தப் பக்கம் ஒரு மாதிரிச் சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார். அப்போது தெரியவில்லை.

"மாலுக்கு வாங்க, மச்சான். வீட்டுக்கு வேணாம், நேரா மாலுக்கு. பார்க்கிங்ல நான் நிக்கிறேன்."

7

பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தார். வள்ளியும் காவ்யாவும் உள்ளே இருந்தார்கள். டிக்கியைத் திறந்து காட்டினேன். அங்கிருந்த ஒரு கம்பி வளையத்தில் கயிற்றை மாட்டியிருந்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். மூடியில் இருந்த பொட்டையும் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

"சாவி உங்ககிட்ட இருக்கட்டும், மாப்பிள்ளை."

சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கி அரைஞாணில் கை வைத்தேன். பக்கத்துக் காரில் ஏறப்போன வெள்ளைக்காரி நின்று பார்த்தாள்.

"ஐயோ மச்சான், இங்க இடுப்புல கை வைக்காதீங்க! கார்ல உக்காந்து எடுங்க!"

உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடை முழுக்க ரோஸ் நிறம். காவ்யா பட்டுப்பாவாடையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், "மாமா!" என்று ஓடிவந்தாள். உயரமான நாற்காலியில் நான் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். குத்துகிற பெண் கல்லூரி வயசு. சூயிங்கம் மென்றுகொண்டே ஒரு அட்டையை நீட்டினாள். சின்னப் பிள்ளையை அப்பா, அம்மா, இல்லாவிட்டால் கார்டியன்தான் பிடிக்க வேண்டுமாம். கடையின் சட்டம்.

"இவர் யாரு?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

வள்ளி பட்டென்று, "ஹி இஸ் ஹெர் மாமா" என்றாள்.

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்தினாள். என் மீசையைப் பார்த்தாள். "ஹி இஸ் ஹெர் மாமா?"

"எஸ், எஸ். மாமா."

இங்கே மாமா என்றால் அம்மா. எனக்கே அப்போதுதான் தெரியும். காவ்யா பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, மாமா" என்று அழ ஆரம்பித்தாள். அந்தப் பெண் பாவப்பட்டு வள்ளியைக் காட்டி, உன் மாமா அங்கே நிற்கிறாளே கண்ணு, போ என்றாள். காவ்யா இன்னும் இறுக்கிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். செல்விக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர்.

நான் எழுந்திருக்கப் போனேன். சட்டம் என்றால் சட்டம். வள்ளி வைத்துக்கொள்ளட்டும். மடி யாருடையதாக இருந்தால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சேகர் என் தோளில் கை வைத்து அழுத்தினார். அட்டையை வாங்கினார். "ஹி இஸ் ஹெர் கார்டியன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"உக்காருங்க, மச்சான்."

உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் குத்துகிற கருவியைக் கையில் எடுத்தாள். பயப்படாதே, இது வெறும் கன்தான் என்று காவ்யாவிடம் சொன்னாள். சேகருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நம்ம கன்னை டிக்கியில பூட்டிட்டு வந்தா, இங்க இவ ஒன்னு வச்சிருக்கா!" என்றார். வள்ளி ஒன்றும் புரியாமல், "நம்ம கன்னா? எந்தக் கன்?" என்று கேட்டாள். அவளுக்கு அப்புறம்தான் சொன்னோம். திட்டினாள்.

ஒரு கிளிக். இன்னொரு கிளிக். கடையின் இரும்புத் தோடுதான் போட்டார்கள். அழுகை நின்றதும் காவ்யா கண்ணாடியில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

8

அன்றைக்கு ஃபிரிஸ்கோவில் நல்ல சாப்பாடு. வடை, பாயசம். ஏழெட்டுக் குடும்பம். எல்லோருக்கும் மாமா கதைதான். சாயங்காலம் கிளம்பி வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கழற்ற அரைஞாணில் கை வைத்தால் சாவி இல்லை.

கயிற்றுக்கும் அதே சாவிதான். பெட்டி டிக்கியை விட்டு வராது. நகைப் பெட்டியும் திறக்காது. மாற்றுச் சாவிகள் நகைப் பெட்டிக்குள். செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இவ்வளவு பத்திரமாக எந்தப் பொருளும் உலகத்தில் இருந்திருக்காது.

போன் அடித்தது.

"மச்சான், சாவி என் சட்டையிலயே இருக்கு. நாளைக்குத் தபால்ல போட்டுடறேன்."

செல்வி காலையில் சொன்னது ஞாபகம் வந்தது.

"தோடு மாத்த ஆறு வாரம் ஆகும்னு செல்வி சொல்றா. காது ஆறணும்."

"ஆமா."

"தங்கத் தோடு இங்க இருக்கு. சாவி அங்க இருக்கு. காது ஆறட்டும். அப்ப கொண்டு வாங்க."

"அதுவரைக்கும் கடைக்கு? பேங்குக்குப் போகணுமே?"

"முதலாளியையும் கூட வரச் சொல்றேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

பார்க்கலாம் என்பார் என்று நினைத்தேன்.

"வர்றோம், மச்சான்" என்றார்.

முதலாளி முனகினார். ஆனாலும் வந்தார். ஆறு வாரமும் அவருடைய காரில் போனோம். வழியெல்லாம் அவர் மகன் தன்னோடு குஜராத்தியில் பேசுவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டுக்கொண்டு வந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பிறகும் அப்படியே தொடர்கிறது. அது இப்போது பெட்டியை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

மார்கழியில் வந்தார்கள். செல்வி சின்ன நாற்காலியிலிருந்து துணிகளை எடுத்துவிட்டுத் துடைத்து வைத்திருந்தாள். சேகர் முதலில் அலமாரிக்குப் போய் நகைப் பெட்டியைத் திறந்தார். மாற்றுச் சாவிகளை எடுத்து என் கையில் கொடுத்தார். சிவப்புக்கல் தோட்டை வள்ளியிடம் கொடுத்தார். அப்புறம் டிக்கிப் பெட்டிக்குப் பதிலாக வேறு சாவி உள்ள பெட்டி மாற்ற வேண்டும் என்றார். மறுநாளே மாற்றினேன். அதற்குச் செல்வி இன்றுவரை பொட்டு வைத்ததில்லை.

ஆகவே முருகேசா, சாவிப் பூட்டு, தடித்த இரும்பு, உள்கீல், பஞ்சு, கயிறு. இரண்டு வாங்கினால் இரண்டுக்கும் வேறு வேறு சாவி. மாற்றுச் சாவி பெட்டிக்கு வெளியே. பொட்டு ஒன்றுக்கு மட்டும்.

தோடு போட்டு முடிந்ததும் காவ்யா யாரையும் கேட்காமல் சமையலறைக்குப் போனாள். அரிசி டப்பாவின் மூடியைத் தள்ளினாள். டம்ளர் எங்கே இருக்கும் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. சேகர் வாசலில் வந்து நின்றார். பொங்கலன்று நின்ற அதே இடம். நான் அவருக்குப் பின்னால்.

முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். இன்னும் ஆழமாக விட்டாள். அரிசி அவள் பாவாடையிலும் தரையிலும் கொட்டியது. அடி வரைக்கும் தேடிவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"மாமா, ஒன்லி ரைஸ்" என்றாள்.

"ஆமா, தங்கம்" என்றார் சேகர். "அரிசி மட்டும்தான். விளையாடு."